நூற்றிருபது பக்கத்துக்குப் பேப்பர்

மாத்தளையோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தண்டவாளம் இல்லை. போக வேண்டுமென்றால் பஸ்ஸில்தான் போக வேண்டும். இதனாலோ என்னவோ, எங்கெங்கோ புறப்பட்டு இந்த ஊருக்கு வந்துசேரும் பெரிய விஷயங்கள் எல்லாம் இங்கேயே இறங்கி, ஒரு சபை அமைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு செய்து, பிளேன்டீ குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடும். பிறகு அவற்றைக் கிளப்ப எந்த எஞ்சினாலும் ஆகாது.

நாடகக் கலையும் அப்படி வந்திறங்கியதுதான். அதை வளர்ப்பதற்கென்று ஏற்பட்ட நிறுவனத்தின் பெயர் மாத்தளை மாவட்ட நாடகக் கலை மேம்பாட்டு மகாசபை. சபை தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் ஒரு நாடகம் போடவில்லை. போடுவதற்கு நேரம் எங்கே? மாதம் ஒரு பொதுக்கூட்டம், நடுவில் செயற்குழு, செயற்குழுவைக் கண்காணிக்க உபகுழு, உபகுழு கேட்ட கேள்விக்கு விளக்கம் சொல்ல விசேஷக் கூட்டம். இத்தனைக்கும் இடையில் எவனாவது வேஷம் கட்டிக்கொண்டு குதித்தால் சபை வேலை என்னத்துக்கு ஆகும்?

இந்தச் சபையின் படியேற மர்சூக் மாஸ்டருக்கு ஆசை இருந்ததில்லை. முஸ்லிம் பாடசாலையில் இங்கிலீஷ் படித்துக் கொடுக்கிறவர், கொங்காவலையில் வீடு, ஸுபைதா என்று வாயும் மனசும் சுத்தமான மனைவி. அல்லாஹ் கொடுத்ததைத் தின்றுகொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் நெஞ்சுக்குள் ஒரு ரஷ்யாக்காரன் குடிபுகுந்துவிட்டான்.

அவன் பெயர் வெரெஷ்கின். பிழைப்புக்காக நாடுவிட்டு நாடு போய், போன இடத்திலெல்லாம் நடிப்புப் பள்ளி வைத்து, கடைசியில் செத்தும் போனவன். தன் மாணவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதி வைத்திருந்தான். பெரிய தேசத்து நடிகர்கள் எல்லாம் அதன் மேல் சத்தியம் பண்ணுவார்களாம். அதன் இங்கிலீஷ் பிரதி ஒன்று எப்படியோ மாத்தளை வாசிகசாலை அலுமாரிக்குள் வந்து கிடந்தது. மர்சூக் மாஸ்டர் இரண்டு கிழமைக்கென்று எடுத்தார். ஏழு வருஷமாகியும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டால், தொலைந்துவிட்டது என்று தண்டம் கட்டவும் தயாராக இருந்தார், யாரும் கேட்கவில்லை.

வேறொரு கை அந்தப் புத்தகத்தில் படுவதை மாஸ்டரால் சகிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. பாடசாலைக்குப் புதிதாக வந்த ஜுனைதா டீச்சர் ஒருநாள், "சேர், வெரெஷ்கின்ட புத்தகம் ஒண்ணு வாசிகசாலைல ஈந்ததாமே, நீங்க பார்த்தீக்கிறீங்களா?" என்று கேட்டபோது, "அத எலி அரிச்சிட்டுதாமே" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார். மாத்தளையில் வெரெஷ்கின் என்ற பெயர் தெரிந்த இன்னொரு ஆள் இருப்பதே அவருக்குத் திருட்டுப் போனது போல் இருந்தது.

அந்த ஏழு வருஷத்தில் அவர் அதைத் தமிழாக்கி முடித்திருந்தார். பெயர் 'நடிகனின் உள்வீடு'. மாஸ்டருக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. வேண்டியது ஒன்றே ஒன்று. அட்டையில், தலைப்புக்குக் கீழே, 'தமிழில்: ஏ. எல். எம். மர்சூக்' என்று ஒரு வரி. அதுவரை அவர் பெயர் அச்சில் வந்தது ஒரே தடவை, தன் கல்யாணக் கார்டில். அங்கேயும் மாமனார் பெயருக்குக் கீழே.

இதற்கு ஒரு பழைய வயிற்றெரிச்சலும் உண்டு. வாலிபத்தில் அவர் ஒரு நாடகத்தில் வாயிற்காவலனாக நின்றார். வசனம் கிடையாது, ஈட்டியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நிற்க வேண்டும். அதே நாடகத்தில் ராஜபார்ட் சண்முகராஜா. பொக்கிஷத்தைப் பறிகொடுத்த அரசனாக நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர் அழுத அழுகையைப் பார்த்து, பசுமாடு கன்று போடுகிறதா என்று மாஸ்டருக்குச் சந்தேகம் வந்தது. சனமோ எழுந்து நின்று கை தட்டியது. ஈட்டி பிடித்த கைக்கு அன்றைக்குப் பிடித்த அரிப்பு இன்னும் ஆறவில்லை. அந்தச் சண்முகராஜாதான் இப்போது மகாசபைத் தலைவர், சமாதான நீதவான், ஜே.பி. பட்டம் வேறு.

பாணுக்கும் மாவுக்கும் கியூவில் நின்ற காலம் அது. பேப்பர் கோட்டாவில்தான் கிடைக்கும். மாவட்டத்தில் அச்சடிக்கிற பேப்பர் கையில் வைத்திருந்தவர் பதுர்தீன் ஹாஜியார். மிளகு, கொக்கோ, சாதிக்காய் வியாபாரத்தோடு ஒரு அச்சுக்கூடமும் வைத்திருந்தார். அவரோ மகாசபையின் பொருளாளர். சபை தீர்மானம் போட்டால்தான் பேப்பர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று மாஸ்டர் கைப்பிரதியைத் துணியில் சுற்றிக்கொண்டு சபைக்குப் போனார்.

கூட்டம் சண்முகராஜா வீட்டு மேல்மாடியில். நடுக் கதிரையில் தலைவர், வலப்பக்கம் செயலாளர் மாணிக்கவாசகம், இடப்பக்கம் ஹாஜியார். மாணிக்கவாசகம் பண்டிதர், வீட்டில் தண்ணீர் கேட்பதென்றாலும் 'ஒரு சிறு விளக்கம்' என்றுதான் ஆரம்பிப்பார். மாஸ்டருக்கு உட்கார வாசற்பக்கம் ஒரு நீள மர வாங்கு போட்டிருந்தார்கள். பழைய இடம்தான்; கையில் ஈட்டி மட்டும் இல்லை.

தலைவர் கைப்பிரதியைத் திறக்கவில்லை. கையில் தூக்கி எடை பார்த்தார்.

"மொத்தம் எத்தனை பக்கத்துக்குப் பேப்பர் இருக்கு, ஹாஜியார்?"

"நூத்தியிருபது பக்கத்துக்கு ஈக்கிது. அதுக்கு மேல ஒரு தாளும் இல்ல."

"மாஸ்டர், உங்க புத்தகம் எத்தனை பக்கம் வரும்?"

"எண்ணிப் பார்த்திட்டேன் சேர். சரியா நூத்தியிருபதுதான்."

எல்லாருக்கும் சந்தோஷம். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் உயரம் பொருந்திவிட்ட மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"கலைக்காக என்னையே அழிச்சிக்கிட்டவன் நான். எனக்குப் பேர் வேணாம், படம் வேணாம், மாலை வேணாம். ஒரு சின்ன வாழ்த்துரை மட்டும் எழுதித் தர்றேன். ஒரு பக்கம் போதும். அதுவும் நீங்கள்லாம் இவ்வளவு வற்புறுத்துறதால."

யாரும் வாயைத் திறந்திருக்கவில்லை.

"ஒரு சிறு விளக்கம்" என்று எழுந்தார் மாணிக்கவாசகம். "செயலாளர் பதிப்புரை இல்லாமல் சபை நூல் வெளியிடுவது தாலி இல்லாத கல்யாணம். எனக்காகக் கேட்கவில்லை. பதவிக்காகக் கேட்கிறேன். ஒரு பக்கம் போதும்."

ஹாஜியார் தலையை ஆட்டினார். "எனக்கு எழுத வராது. பேப்பர்தான் நம்மள்ட்ட ஈக்கிது."

அந்த நிமிஷத்தில் அந்த அறையில் ஒரு மனிதர் இருந்தார். ஆனால் பிளேன்டீ வருவதற்குள் அவரும் யோசித்துவிட்டார். "எல்லாரும் எழுதி, நான் மட்டும் எழுதாட்டி ஊருக்கு வித்தியாசமா தெரியாதா? நானும் ஒரு பக்கம்."

மூன்று பக்கம் போனால் போகிறது, பின்னிணைப்பை எடுத்துவிடலாம் என்று மாஸ்டர் மனசைத் தேற்றிக்கொண்டு இறங்கினார்.

வினை அச்சுக்கூடத்தில் ஆரம்பித்தது. செயலாளரின் ஒரு பக்கம் பொடி எழுத்தில் கோக்கப்பட்டிருப்பதைத் தலைவர் போய்ப் பார்த்துவிட்டார். பொடி எழுத்தில் ஒரு பக்கமென்றால் சாதாரண எழுத்தில் இரண்டு பக்கம். தலைவருக்கு அன்று இராச்சாப்பாடு இறங்கவில்லையாம். மறுநாள் அவருடைய வாழ்த்துரை எட்டுப் பக்கமாகிவிட்டது. அவர் ராஜபார்ட் கட்டிய நாட்களில் எந்தெந்த ஊரில் யார் யார் மயங்கி விழுந்தார்கள் என்ற விபரத்தோடு.

செயலாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். "ஒரு சிறு விளக்கம். தலைவர் எட்டு எழுதும்போது செயலாளர் ஒன்றோடு நின்றால், தலைவர் புகழுக்கு ஆசைப்பட்டவர் என்று ஊர் பேசும். அவருடைய மானத்தைக் காப்பாற்றவே நான் பன்னிரண்டு பக்கம் எழுத நேர்ந்தது. எழுதும்போது என் கண்ணில் நீர் வந்தது."

ஹாஜியார் எழுதவில்லை; அச்சுக் கோக்கிறவரைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய மூதாதையர் இந்த ஊருக்கு வந்த வரலாறு, மிளகைக் காயவைக்கும் முறை, தம்புள்ளை லொறிக்காரர்களின் நாணயமின்மை எல்லாம் அதில் வந்தன. கடைசியில் ஒரே ஒரு வரியில் 'வெரெஷ்கினும் நல்ல மனிதர் என்று கேள்வி' என்று முடித்திருந்தார். நேர்மையாகச் சொன்னால் இருந்தவற்றில் அதுதான் படிக்கக் கூடியதாக இருந்தது.

பிறகு கதவு திறந்துவிட்டது. முன்னாள் தலைவர் ஆசியுரை தந்தார். முன்னாள் எழுதினால் வருங்காலம் சும்மா இருக்குமா என்று, அடுத்த தேர்தலில் தலைவராக வரவிருந்தவர் எதிர்கால வாழ்த்துரை தந்தார். சபையின் ஸ்தாபகர் காலமாகி நாலு வருஷம். அவர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்பதைச் செயலாளர் தியானத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அதில் ஸ்தாபகர் செயலாளரை மிகவும் மெச்சியிருந்தார்.

ஒவ்வோர் உரை வரும்போதும் புத்தகத்தில் ஓர் அதிகாரம் கழன்றது. அதற்கென்றே 'நூற் சுருக்க உபகுழு' அமைத்தார்கள். முதலில் கை வைத்தது ஏழாவது அதிகாரத்தில்.

அந்த அதிகாரம் மாஸ்டரின் உயிர். பொறாமையை நடிப்பது எப்படி என்று வெரெஷ்கின் சொல்லும் இடம். மாஸ்டரே அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார்: 'பொறாமைக்காரனாக நடிக்கப் போகிறாயா? பல்லைக் கடிக்காதே. முகத்தைச் சுளிக்காதே. அதெல்லாம் வெறும் கோபம். பொறாமைக்காரன் புகழ்வான். வாய் நிறையப் புகழ்வான். புகழும்போது அவன் கண் மட்டும் மற்றவன் தட்டில் இருக்கும்.'

 தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாஸ்டர், இது வெள்ளைக்காரனுக்குச் சரி. நம்ம மாவட்டத்துல பொறாமைன்னு ஒண்ணு கிடையாதே. நான் இந்தக் கதிரைல ஒன்பது வருஷமா உட்கார்ந்திருக்கேன். ஒருத்தன் பொறாமைப்பட்டு நான் பார்த்ததில்ல. அப்படிப்பட்டவனெல்லாம் எவனெவன்னு தெரிஞ்சு அப்பப்ப விலக்கிட்டேன்."

"நானும் வழிமொழிகிறேன்" என்றார் செயலாளர். "தலைவர் ஒன்பது வருஷமாக அந்தக் கதிரையில் உட்கார்ந்திருப்பதை நான் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். ஒரு நாளாவது பொறாமைப்பட்டதில்லை."

அதிகாரம் ஏகமனதாக நீக்கப்பட்டது. இல்லாத குணத்தைப் பற்றிய பக்கங்களைக் காலிசெய்த இடத்தில் 'மாத்தளை மக்களின் பரந்த மனம்' என்று தலைவரின் இரண்டாவது வாழ்த்துரை வந்தது.

மாஸ்டர் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஸுபைதா பொறுத்துப் பார்த்தாள்.

"இஞ்சப் பாருங்க, அவங்களுக்குப் பேப்பர் ஈக்கிது, உங்களுக்குப் புத்தகம் ஈக்கிது. திருப்பி எடுத்துக்கிட்டு வாங்களே."

"எடுத்திட்டா பேர் வராதே."

"எதுல வாற பேர்? மெளகு காயவெக்கிற புத்தகத்துலயா?"

மாஸ்டர் சோற்றை மறுபடி பிசைந்தார். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மணியோசை கொஞ்சம் நீளம்தான், யானை எப்படியும் வந்துவிடும் என்று அவர் இன்னும் நம்பினார்.

அதற்குள் இன்னொரு கொடுமை நடந்தது. பன்னிரண்டு பக்கப் பதிப்புரை எழுதியதிலிருந்து மாணிக்கவாசகம் வெரெஷ்கின் விஷயத்தில் மாவட்ட நிபுணராகிவிட்டார். தம்புள்ளையில் பேசினாராம். மூன்று மாலையாம். இதைக் கேட்ட நாளிலிருந்து மாஸ்டருக்குத் தூக்கமில்லை. பண்டிதர் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் படித்தவரல்ல. ஏழு வருஷம் நெஞ்சோடு வைத்துக் காப்பாற்றிய ஆளை இன்னொருத்தன் தோளில் கைபோட்டு ஊர் ஊராக அழைத்துப் போகிறான். வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. அடுப்பே அங்கேதான் இருந்தது.

பல்லேகமவில் அடுத்த பேச்சு என்று தெரிந்ததும் மாஸ்டர் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார். ரிவர்ஸ்டன் மலைப் பனிக்குள் பஸ் ஊர்ந்து, ஒருவாறு கொண்டுபோய் இறக்கியது. கூட்டம் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில். மண்டபம் நிறைந்திருந்தது. அத்தனை பேரும் சிங்களக் கமக்காரர்கள். உரம் கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்லி வந்தவர்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. மாணிக்கவாசகம் செந்தமிழில் ஒரு மணித்தியாலம் முழங்கினார்.

"வெரெஷ்கின் என்னிடம் அடிக்கடி சொல்வதுண்டு. அடேய் மாணிக்கவாசகம், நடிப்பு என்பது உள்ளத்தின் ஊற்று என்பார்."

வெரெஷ்கின் செத்தபோது மாணிக்கவாசகம் தொட்டிலில் கிடந்தார். மாஸ்டர் பின்வரிசை வாங்கிலிருந்து பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டார்.

பேச்சு முடிந்ததும் ஒரு கமக்காரர் எழுந்து, உரம் எப்போது வரும் என்று சிங்களத்தில் கேட்டார். செயலாளர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. ஆசான் இதைத்தான் நெஞ்சுரம் என்கிறார்." சனம் கை தட்டியது. கூட்டம் முடிந்ததற்காகத் தட்டினார்கள் என்பது மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கைதட்டல் மேல் அவருக்கு ஆசை வந்தது. அந்த ஆசைதான் அவரைக் கொன்றது.

அப்போது பண்டிதர் அவரைக் கண்டுவிட்டார். "அதோ பின்வரிசையில் இருக்கிறவர் நமது சபையின் நண்பர். நூலை நல்ல கையெழுத்தில் பிரதி எடுத்துத் தந்தவர்." எல்லாத் தலையும் திரும்பியது. மாஸ்டர் எழுந்து சலாம் சொல்ல வேண்டியதாயிற்று.

வெளியீட்டு விழா நகர மண்டபத்தில் வைத்தார்கள். அச்சுப்படி பார்க்க மாஸ்டர் கேட்டபோதெல்லாம், அது மேலிடப் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். ஆகையால் அவர் புத்தகத்தை முதன்முதல் பார்க்கப் போவதே அன்றுதான். ஸுபைதா பெண்கள் பக்கம் ஜுனைதா டீச்சரோடு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டருக்கு மேடையில் ஒரு கதிரை கொடுத்திருந்தார்கள். கடைசிக் கதிரை, மைக்செட்டுக்காரருக்குப் பக்கத்தில்.

விளக்கேற்றினார்கள். வரவேற்றார்கள். தலைவருக்குச் செயலாளர் பொன்னாடை போர்த்தினார். செயலாளருக்குத் தலைவர் போர்த்தினார். இருவருக்கும் ஹாஜியார் போர்த்தினார். ஹாஜியாருக்கு அவருடைய கடைக் கணக்கப்பிள்ளை போர்த்தினார். போர்த்தியதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். முதற்பிரதி ஒரு லொறி முதலாளிக்கு, சிறப்புப் பிரதி அவருடைய மச்சானுக்கு, பிறகு முன்னாளுக்கு, வருங்காலத்துக்கு. மேடை ஓய்ந்தபோது மைக்செட்டுக்காரரிடமும் ஒரு பிரதி இருந்தது; மாஸ்டரிடம் இல்லை. அவர் அதைக் கடன் வாங்கிப் பார்த்தார்.

அட்டையில் வெரெஷ்கின் இல்லை. அவன் படத்துக்கு அச்சு பிளாக் கிடைக்கவில்லையென்று, நடிப்புக்கு உதாரணமாகத் தலைவர் ராஜபார்ட் கட்டிய பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். மாஸ்டர் படத்தை உற்றுப் பார்த்தார். அரசனுக்குப் பின்னால், வாசலோரம், ஈட்டி பிடித்த ஒரு கையும் பாதித் தோளும் தெரிந்தன. முகம் வெட்டுப்பட்டிருந்தது.

தலைப்புக்குக் கீழே, 'வெளியீடு: மகாசபை'. பெயர்கள் பல இருந்தன. அவர் பெயர் இல்லை.

பக்கத்தைப் புரட்டினார். வாழ்த்துரை. பதிப்புரை. ஆசியுரை. எதிர்காலம். ஸ்தாபகர். மிளகு. இன்னொரு வாழ்த்துரை. புரட்டப் புரட்ட உரைதான். கடைசி இரண்டு பக்கத்துக்கு வந்தபோது 'நூல்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே அவர் எழுதிய முதல் பந்தி: 'நடிகனே, மேடைக்கு வந்ததும் முதலில் அங்கே கிடக்கும் வேண்டாத சாமான்களை எல்லாம் அப்புறப்படுத்து. அதன் பிறகு' என்று வரி நின்றது. அடியில் கோடு கீறி, 'மிகுதி இரண்டாம் பாகத்தில்'. எதிர்ப்பக்கம் நன்றி: பந்தல்காரர், சோடா கொடுத்தவர், பிரதி உதவி ஏ. எல். எம். மர்சூக், மைக்செட்.

"உங்க பேரு எனக்கு முந்தி வந்தீக்கி" என்றார் மைக்செட்டுக்காரர், சிறு மனத்தாங்கலோடு.

அந்த நேரம் பார்த்துத்தான் செயலாளர், "இப்போது நன்றியுரை, மர்சூக் மாஸ்டர். இரண்டு நிமிடம்" என்று அறிவித்தார்.

மாஸ்டர் மைக்கின் முன் வந்து நின்றார். திட்டிவிட்டு இறங்குவது என்றுதான் எழுந்தார்; எதிரே ஸுபைதாவும் அதையே எதிர்பார்த்துச் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"தலைவர் அவங்களப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்ல. வாலிபத்துல அவங்க அழுததப் பக்கத்துல நின்னு பார்த்தவன் நான். அந்த அழுகைய மறக்க இத்தனை வருஷமா முயற்சி பண்ணியும் முடியல்ல. செயலாளர் அவங்க ஆசானோட பேசிப் பழகின மாதிரி இந்த உலகத்துல யாரும் பேசிப் பழகல்ல. பல்லேகம சனம் புரியாமலே கை தட்டிச்சே, அப்படிப்பட்ட பேச்சு யாருக்கு வரும்? ஹாஜியார் அவங்கட பேப்பர் இல்லாட்டி இதுல ஒரு உரையும் இல்ல. இவங்க எல்லாரும் எழுதினதுக்குப் பொறகு ஆசான் எழுதினது தேவையே இல்லன்னு இப்பதான் எனக்கு வெளங்கிச்சு."

குரல் தழுதழுத்தது. அது நடிப்பில்லை. அவர் கண் மேசையில் குவிந்து கிடந்த பொன்னாடைகள் மேல் இருந்தது, நகரவே இல்லை. எனக்கு ஒன்று, ஒரே ஒன்று போர்த்தியிருக்கக் கூடாதா என்ற நெருப்பு உள்ளே எரிய எரிய, வெளியே புகழ் தேனாக வந்தது. மண்டபம் விம்மியது. முன்வரிசையில் லொறி முதலாளி கண்ணைத் துடைத்தார். சனம் எழுந்து நின்று தட்டிய தட்டலில் மேசை மேலிருந்த விளக்கு ஆடியது. மாஸ்டர் வாழ்நாளில் வாங்கிய முதல் கைதட்டல் அதுதான்.

தலைவர் மைக்கைப் பறித்தார். "பார்த்தீங்களா, இதுதான் மாத்தளை. பொறாமைன்னு ஒரு துளி தெரிஞ்சிச்சா? இந்த நிமிஷத்துல இருந்து மாஸ்டர் நம்ம சபையோட துணைச் செயலாளர்." சொல்லி, குவியலின் அடியிலிருந்து கசங்கிய பொன்னாடை ஒன்றை உருவி மாஸ்டர் தோளில் போட்டார்.

மறுக்க வேண்டுமென்று மாஸ்டருக்குத் தெரியும். மறுக்கவில்லை. சொல்லவே வெட்கம்தான், அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாசலில் ஜுனைதா டீச்சர் காத்திருந்தாள். "சேர், இன்னைக்கு நீங்க செஞ்சது அந்த ஏழாவது அதிகாரம்தானே?"

மாஸ்டர் திடுக்கிட்டார். "உங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"எலி அரிச்சதா சொன்னீங்களே, அதனால எங்கட மூத்த நாநா கொழும்புல தேடி வேற பிரதி ஒண்ணு எடுத்துத் தந்தாரு. இத்தனை சனத்துல ஒருத்தருக்காவது வெளங்கிச்சோ தெரியா. எனக்கு மேல் சிலிர்த்துப் போச்சு."

இருட்டில் வீட்டுக்கு நடக்கும்போது ஸுபைதா இரண்டடி முன்னால் போனாள். பிறகு, "நல்லாத்தான் செஞ்சீங்க" என்றாள். "அந்தப் பொன்னாடையக் கழட்டுங்க. ரோட்டால போற ஆக்கள் பார்க்கிறாங்க." அவர் கழற்றவில்லை.

ஒரு வருஷம் போயிற்று. இரண்டாம் பாகம் பற்றி மகாசபை பல தீர்மானங்கள் போட்டது. மாஸ்டர் எல்லாக் கூட்டத்துக்கும் போனார். வாசற்பக்க வாங்கிலிருந்து எழுந்து இப்போது மேசையோரக் கதிரைக்கு வந்திருந்தார்; யாராவது புதிதாக வந்தால் அவர்களுக்கு வாங்கைக் காட்டினார்.

ஒருநாள் ஜுனைதா டீச்சர் ஒரு கைப்பிரதிக் கட்டோடு அவர் வீட்டுக்கு வந்தாள். நடிகனின் குரலைப் பற்றி வெரெஷ்கின் எழுதிய இன்னொரு புத்தகம். அவளே தமிழாக்கியிருந்தாள். "சேர் பார்த்துச் சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை. சபைல பேசி அச்சடிக்க வழி பண்ணுவீங்களா?"

அவள் போன பிறகு மாஸ்டர் நின்றபடியே ஒரு பக்கம் படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். வெரெஷ்கின் மாத்தளையில் பிறந்து வளர்ந்தவன் போல் பேசினான். தன்னுடைய புத்தகத்தில் அவன் இங்கிலீஷ் மாஸ்டரைப் போலப் பேசியது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஸுபைதா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

"நல்லா ஈக்கிதா?" என்று அவள் கேட்டாள்.

"ரொம்ப நல்லா ஈக்கிது" என்றார் மாஸ்டர். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகாசபைக் கூட்டத்தில் ஜுனைதா டீச்சர் வாசற்பக்க வாங்கில் உட்கார்ந்திருந்தாள். கட்டு மடியில் இருந்தது. தலைவர் சொல்லித் துணைச் செயலாளர் எழுந்தார். மாஸ்டர் புகழ்ந்தார். இப்படியொரு தமிழை இந்த மாவட்டம் கண்டதில்லை என்றார். தன் ஏழு வருஷ உழைப்பெல்லாம் இதன் ஒரு பக்கத்துக்கு ஈடாகாது என்றார். இந்தப் பிள்ளைக்கு முன்னால் தான் வெறும் வாயிற்காவலன் என்றார். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. சபை உருகிவிட்டது.

ஜுனைதா முதலில் வெட்கத்தோடு தலையைக் குனிந்திருந்தாள். கேட்கக் கேட்க மெல்ல நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் அவள் மடியிலிருந்த கட்டின் மேல் இருந்தது.

"ஒரு சின்ன அணிந்துரை நான் எழுதித் தர்றேன். ஒரு பக்கம் போதும்" என்று முடித்துவிட்டு, மாஸ்டர் இடப்பக்கம் திரும்பினார்.

"மொத்தம் எத்தனை பக்கத்துக்குப் பேப்பர் ஈக்கிது, ஹாஜியார்?"

ஜுனைதா கட்டைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.